கீ ஷீட் யாரிடம் இருந்தது

என் தங்கையை வீட்டில் நாங்கள் கிராம் என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தபோது வைத்த பெயர் சான்றிதழ்களில் மட்டும் இருக்கிறது. ஒரு காகிதத்தை இரண்டாகக் கிழிக்க வேண்டுமென்றால் நான் மடித்து நகத்தால் கீறிக் கிழித்துவிடுவேன். அவள் ஸ்கேல் வைத்து, பென்சிலால் கோடு போட்டு, கோடு நேராக இருக்கிறதா என்று இன்னொரு ஸ்கேல் வைத்துப் பார்ப்பாள். அதற்குள் எனக்குப் பொறுமை போய், பிடுங்கி நானே கிழித்துவிடுவேன். அவளோடு சமையலறையில் நிற்பது அதைவிடக் கொடுமை. 'கொஞ்சம் உப்புப் போடு' என்று அம்மா சொன்னால், கொஞ்சம் என்றால் எத்தனை கிராம் என்று கேட்பாள். பெயர் அப்படித்தான் வந்தது.

நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். பொறியியல் கல்லூரிக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ், பைண்டிங் கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். வருஷக் கடைசியில் முந்நூறு ஆய்வேடுகளாவது என் கையைத் தாண்டித்தான் போகும். எல்லாவற்றுக்கும் கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. எது எதிலிருந்து சுட்டது என்பது துறைத்தலைவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். போன வருஷத்துப் பையனின் பெயரை மாற்ற மறந்து எங்காவது விட்டுவிட்டு வருவார்கள். 'தம்பி, நாற்பதாம் பக்கத்துல வேற யார் பேரோ இருக்கு, மாத்திட்டு வா' என்று நான்தான் திருப்பி அனுப்புவேன். அந்தப் பையன்கள் எனக்கு நன்றி சொல்லிவிட்டு ஓடுவார்கள். ஊர் உலகம் இப்படித்தான் என்று நானும் பழகிப்போயிருந்தேன்.

அந்தக் கல்லூரியிலேயே கிராம் கட்டுமானப் பொறியியல் படித்தாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் அவள். நான் அந்த வாசலுக்கு எதிரே இருக்கிறேன், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. அப்பா இல்லை. அம்மா பழைய பாட்டில்கள் பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்தாள். முழு பாட்டில்களை நிறம் பிரித்து அடுக்குவாள். உடைந்தவற்றைக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டுவார்கள். யாருக்கும் வேண்டாத அந்தக் கண்ணாடிக் குவியல்தான் கிராமின் கடைசி வருஷ ஆய்வுக்குப் பொருளானது. கண்ணாடியை மாவாக அரைத்து, கான்கிரீட்டில் சிமென்டின் ஒரு பங்குக்குப் பதிலாகப் போட்டால் பலம் என்ன ஆகும்? கேள்வி அவ்வளவுதான். இந்தப் பட்டத்தை நம்பி ஒரு கான்கிரீட் கம்பெனி அவளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. ஆய்வேடு தேறினால் பட்டம், பட்டம் வந்தால் வேலை. அம்மா அந்தக் கம்பெனியின் கடிதத்தை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தாள்.

ஆய்வுக்கு இரண்டு பேர் சேர வேண்டும் என்பது விதி. கிராமோடு சேர்ந்தவளை வகுப்பில் ரேடியோ என்பார்கள். காலையில் வாயைத் திறந்தால் மூடுவது தூங்கும்போதுதான். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் அளந்து பேசுகிறவர்கள். இந்தப் பெண் வந்தால் வீடு கலகலவென்றிருக்கும். அம்மாவின் முதுகு வலிக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள், என் கடை முதலாளி மாதிரி நடந்து காட்டுவாள். கிராமையே சிரிக்க வைப்பாள், அது லேசுப்பட்ட காரியமில்லை. முதல் வருஷத்திலிருந்தே இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரிதான் திரிந்தார்கள்.

வழிகாட்டிப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஆகட்டும் சார்'. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் பாதி படித்துவிட்டு 'ஆகட்டும்' என்பார், கையெழுத்துப் போடுவார், பேனாவையும் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். கிராம் அவரிடம் இரண்டு பேனா இழந்திருக்கிறாள்.

திட்டம் போடுவதற்கே அவளுக்கு ஒரு மாதம் ஆனது. நான்கு கலவைகள்: கண்ணாடி இல்லாதது, பத்து சதவீதம், இருபது, முப்பது. ஒவ்வொன்றிலும் ஆறு கட்டைகள், மொத்தம் இருபத்து நான்கு. கட்டை என்றால் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர், எடை எட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வார்த்த கட்டைகளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்து, ஏழாம் நாள் பாதியையும் இருபத்தெட்டாம் நாள் மீதியையும் இயந்திரத்தில் வைத்து நசுக்க வேண்டும். எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று முள் காட்டும். இதுவரை எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் கிராமுக்கு ஒரு சந்தேகம் வந்தது, அதை ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"யாரும் வேணும்னு பொய் சொல்றதில்லக்கா. ஆசைப்பட்டுப் பாக்குறாங்க. முள்ளு முப்பதுக்கும் முப்பத்தொண்ணுக்கும் நடுவுல நின்னா, நமக்குப் பிடிச்ச கட்டைக்கு முப்பத்தொண்ணுன்னு எழுதுவோம், பிடிக்காததுக்கு முப்பதுன்னு எழுதுவோம். நானும் அப்படித்தான் எழுதுவேன்."

அதனால் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். கலவை கலந்து வார்ப்பது ரேடியோ, கூடவே ஆய்வகப் பணியாளர். வார்க்கிற இரண்டு நாளும் கிராம் ஆய்வகத்துப் பக்கமே போகக் கூடாது. கட்டைகளில் க, ச, த, ப என்று எழுத்து மட்டும் கீறியிருக்கும். எந்த எழுத்து எந்தக் கலவை என்பதை ஒரு தாளில் எழுதி ரேடியோ தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் கீ ஷீட். இயந்திரத்தில் வைத்து நசுக்கி முள்ளைப் படிப்பது கிராம், எதைப் படிக்கிறோம் என்று தெரியாமலே. எல்லாம் முடிந்த பிறகுதான் தாளைத் திறந்து பார்க்க வேண்டும். அந்தத் துறையில் யாரும் அப்படிச் செய்ததில்லை. 'என்னம்மா, கண்ணாமூச்சி ஆடுறீங்களா?' என்று ஆய்வகப் பணியாளர் கேட்டாராம். ஆகட்டும் சார், ஆகட்டும் என்றார்.

பாட்டில் உடைப்பு எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் நடந்தது. கோணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி, சுத்தியலால் அடிப்பார்கள். இரண்டு பேர் முகத்திலும் துணி, கண்ணில் பெரிய கண்ணாடி. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, கொள்ளையடிக்கிறவர்கள்கூட இவ்வளவு சத்தம் போடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ரேடியோ அவருக்கும் ஒரு துணியை நீட்டி, வாங்க சார், நாலு அடி அடிச்சிட்டுப் போங்க என்றாள். அந்த மனிதரே சிரித்துவிட்டார். உடைத்ததைக் கல்லூரியில் மாவாக அரைத்து, சல்லடையில் சலித்து, கிராம் எடை போட்டுக் கட்டி வைத்தாள்.

இருபத்தெட்டாம் நாள் எல்லாக் கட்டைகளும் உடைந்த பிறகு ரேடியோ தாளைத் திறந்தாள். இருபது சதவீதம் கண்ணாடி போட்ட கட்டைகள்தான் எல்லாவற்றையும்விட அதிகப் பாரம் தாங்கியிருந்தன. அன்று மாலை இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து அம்மாவைத் தூக்கிச் சுற்றினார்கள். உன் குப்பை சிமென்டையே ஜெயிச்சிடுச்சும்மா என்று ரேடியோதான் கத்தினாள். அம்மா புரிந்தும் புரியாமலும் அழுதாள். ஆகட்டும் சார் சிறந்த ஆய்வேட்டுப் பரிசுக்கு அனுப்பலாம் என்று தானாகவே சொன்னார். ஐந்து பிரதிகளை நான்தான் பைண்ட் செய்தேன். முந்நூறில் இந்த ஐந்துக்கு மட்டும் தங்க எழுத்தை இரண்டு முறை அழுத்தினேன். பதினோரு வருஷத்தில் சுடாத ஆய்வேடு ஒன்று, அதுவும் என் தங்கையுடையது என்ற பெருமை எனக்குத் தாங்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேட்கக்கூடும் என்று கிராம் தன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நசுக்குவதற்கு முன் ஒவ்வொரு கட்டையையும் எடை போட்டு அதில் எழுதியிருந்தாள். யாரும் போடச் சொல்லவில்லை, ஆய்வேட்டிலும் அது இல்லை. அவளால் ஒரு பொருளை எடை போடாமல் கீழே வைக்க முடியாது, அவ்வளவுதான். சிமென்டைவிடக் கண்ணாடி மாவு லேசு. ஆகவே கண்ணாடி கூடக் கூட கட்டையின் எடை கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். இறங்கவில்லை. கண்ணாடியே இல்லாததாகச் சொன்ன ஆறு கட்டைகளும், இருபது சதவீதம் போட்டதாகச் சொன்ன ஆறையும்விடச் சுமார் ஐம்பது கிராம் குறைவாக இருந்தன. ஒன்றிரண்டு என்றால் தற்செயல். ஆறுக்கு ஆறு.

முதலில் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். கல்லூரிக்குப் போய்த் தராசைச் சரிபார்த்தாள். தராசில் குறையில்லை. நோட்டில் அந்த இரண்டு கலவைகளின் பெயரை மட்டும் இடம் மாற்றிப் பார்த்தாள். எடை ஒழுங்காக இறங்கியது. கூடவே பலமும் இறங்கியது. கண்ணாடி போடாத கட்டைதான் அதிகப் பலம், போடப் போடக் குறைச்சல். இருபத்தெட்டு நாளில் கிடைத்த உண்மையான விடை அதுதான்.

ரேடியோவை நூலகத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கேட்டாள். தாளை எழுதும்போது இடம் மாறிப்போயிற்றா என்றுதான் கேட்டாளாம். தப்பித்துக்கொள்ள அவளே வழியும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ரேடியோ முதலில் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்.

"மாத்தினேன்டி. நீ நம்பர் படிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிடுச்சு, ஊத்திக்கிச்சுன்னு. பலம் குறையுதுன்னு எழுதினா யாருடி பரிசு கொடுப்பா? உங்கம்மா எவ்வளவு ஆசையா இருந்தாங்க. உனக்காகத்தான் பண்ணேன்."

கிராம் வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் கோபமே இல்லை. மூன்று வாரம் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நம் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள், அம்மாவைத் தூக்கிச் சுற்றியிருக்கிறாள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது என்றுதான் அவள் அந்தத் தாளைத் தோழியிடம் கொடுத்தாள். தோழி ஏமாற்றுவாள் என்பதற்கு அவளிடம் ஏற்பாடு எதுவும் இல்லை.

மறுநாள் ஆகட்டும் சாரிடம் போனாள். நோட்டைக் காட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முழுவதையும் படித்தாராம். முதல் தடவையாக ஆகட்டும் என்று சொல்லாமலும் இருந்தார். பரிசுக்குப் பெயர் அனுப்பியாகிவிட்டது, துறைக்குக் கெட்ட பெயர், ஐம்பது கிராமை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டாதே என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார்.

அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். மதிய நேரம், நான் ரெக்சினுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நான் என்னக்கா பண்ணட்டும் என்று கேட்டாள். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் கம்பெனிக் கடிதம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன், மாற்றினால் எனக்கும் ரேடியோவுக்கும் வித்தியாசமில்லை.

"வாயை மூடிக்கிட்டுப் போய்ப் பட்டத்தை வாங்குடி. இந்த முந்நூறுல எது யோக்கியம்? உன் ஒண்ணு மட்டும் யோக்கியமா இருந்து என்ன ஆகப்போகுது?"

அவள் மேஜையில் கோணலாகக் கிடந்த காகிதக் கட்டைத் தட்டி நேராக அடுக்கி வைத்துவிட்டுப் போனாள்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் ரேடியோவை வீட்டுக்கு வரச்சொன்னாள். நாளைக்கு நடந்ததைத் தேர்வாளரிடம் சொல்லப்போவதாகவும், தான் சொல்வதற்கு முன்னால் ரேடியோவே சொல்லிவிட்டால் நல்லது என்றும் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து ஆறு மாதத்தில் திரும்பச் செய்து கொடுத்துவிடலாம், சரியான விடையோடு, குறைந்த பலமும் ஒரு விடைதானே என்றாள். ரேடியோ எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதாள். என்னை மன்னிச்சிடுடி, நானே முதல்ல சொல்லிடறேன் என்று கிராமின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா விஷயம் தெரியாமல், பரீட்சை பயம் என்று நினைத்து அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அன்று எனக்கே அந்தப் பெண்மேல் இரக்கம் வந்தது. பிறகு அந்த இரக்கத்தை நினைத்து நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

தேர்வறையில் மூன்று பேர்: வெளியூர்த் தேர்வாளர், துறைத்தலைவர், ஆகட்டும் சார். சொன்னபடியே ரேடியோ முதலில் எழுந்தாள். ஆய்வில் தவறு நடந்திருக்கிறது என்று ஆரம்பித்தாள். கிராம் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாளாம். அடுத்த வாக்கியத்தில், எந்த எழுத்து எந்தக் கலவை என்ற தாள் ஆரம்பத்திலிருந்தே கிராமிடம்தான் இருந்தது என்றும், தான் கலவையை வார்த்ததோடு சரி என்றும், எண்களை மாற்றியது தனக்கு நேற்றுத்தான் தெரியும் என்றும் ரேடியோ சொன்னாள். ஒரு தடங்கல் இல்லாமல், கோவையாக. யோசிக்க ஒரு ராத்திரி கிடைத்திருந்தது, அதைக் கொடுத்ததும் என் தங்கைதான்.

தேர்வாளர் ஆய்வேட்டின் பின்னிணைப்பைத் திருப்பினார். அங்கே கீ ஷீட் கிராமின் கையெழுத்தில் இருந்தது. என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு, நீ அழகா எழுதிக் கொடு என்று ரேடியோ கேட்டு, தாளைத் திறந்த பிறகு இவள் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுப் பார்த்து எழுதிக் கொடுத்தது. கிராம் எல்லாவற்றையும் சொன்னாள். எடைக் கணக்கைக் காட்டினாள். எடையை எழுதியதும் நீதானே, அப்போதே தெரிந்திருக்குமே என்றார் தேர்வாளர். கிராம் ஆகட்டும் சாரைப் பார்த்தாள். நாலைந்து நாள் முன்பே அவரிடம் போய்ச் சொன்னவள் அவள், அதை அவர் சொன்னால் போதும். அவர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மூடி, திறந்துகொண்டிருந்தார். ஆய்வகப் பணியாளரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். யாரும் கூப்பிடவில்லை.

கிராமின் ஆய்வேடு தள்ளப்பட்டது. ஆறு மாதம் கழித்துத் தனியாகத் திரும்பச் செய்ய வேண்டும் என்று எழுதினார்கள். ரேடியோவுக்குக் கொஞ்சம் மதிப்பெண்ணைக் குறைத்துப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி வேலைக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. நான் ரேடியோவின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி நாலு கேள்வி கேட்டேன். அவள் அம்மா என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். தெருவில் நின்று நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஆறு மாதம் போயிற்று. பிறகு மறுபடி கோணிப்பை, மறுபடி சுத்தியல், தனியாக. இந்த முறை வார்த்துக் கொடுக்க ஆய்வகப் பணியாளர் ஒத்துக்கொண்டார். அவருக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். வார்ப்பதற்கு முந்தின நாள் காலையில் அவள் கட்டம் போட்ட தாளோடு சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அது புது கீ ஷீட் என்று எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நான் அந்தக் கல்லூரியில் படிக்கிறவளுமில்லை, பரிசு கேட்கிறவளுமில்லை, கூடப் பிறந்தவள். என்னைவிட்டால் இதற்கு வேறு யார்?

"கீ ஷீட்ட நான் வச்சுக்கறேன்டி" என்றேன். "கடை லாக்கர்ல பூட்டி வைக்கிறேன். நீ கேட்டாகூடக் காட்டமாட்டேன்."

"வேண்டாம்க்கா. நானே எழுதி நானே வச்சுக்கறேன்."

"அப்புறம் உன் கண்ணாமூச்சி ஏற்பாடு என்னாகறது? என்கிட்டயுமாடி?"

அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். தராசு காட்டுகிற எடையைப் படித்துச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

"நீயும் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டுப் போன்னுதானே சொன்னே."

 கடைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

புது ஆய்வேடு போன மாதம் பைண்டிங்குக்கு வந்தது. முதல் ஆய்வேட்டைவிட ஒல்லி, எந்தப் பரிசுக்கும் போகாதது. இருபத்தெட்டு நாளில் கண்ணாடி மாவு சேரச் சேரப் பலம் குறைகிறது என்று உள்ளபடி எழுதியிருந்தாள். பக்கங்களை அடுக்கும்போது அறுபத்தொன்றாம் பக்கத்தில் 'ஆய்வின் குறைபாடுகள்' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி இருந்தது: சோதித்தவருக்கு எந்தக் கட்டை எந்தக் கலவை என்பது முன்பே தெரிந்திருந்தது. அது ஏன் என்று அவள் எழுதவில்லை. நான் அந்தப் பக்கத்தை மற்றவற்றோடு சேர்த்துத் தட்டி நேராக்கி, தைத்து, அட்டை போட்டுக் கொடுத்தேன்.